ஒட்டிய பிறகுதான் வெட்டு: பாஸ்போலிப்பேஸ் ஏ2 பாடத்தைச் சுண்டைக்காயும் கொட்டானும் வைத்து நடத்துவது எப்படி

"பாஸ்போலிப்பேஸ் ஏ2 எந்த இடத்தில் வெட்டும்?" என்று கேட்டால், மாலையில் என்னிடம் படிக்க வரும் கல்லூரிப் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் மூச்சு விடாமல் சொல்லிவிடுவார்கள்: "ரெண்டாவது கார்பன், டீச்சர்." சரி. "வெட்டுவதற்கு முன்னால் அது என்ன செய்யும்?" என்று அடுத்துக் கேட்டால் நாங்கள் உட்காரும் முகப்புக் கூடமான பட்டாலையே அமைதியாகிவிடும்.

பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்பது செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் இருக்கும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறை வெட்டும் நொதி. அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் குறிப்பு. கோட்டையூரில் நாங்கள் குடியிருப்பது ஒரு பழைய வீடு. வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வது நாங்கள். அதன் பட்டாலையில் உட்கார்ந்துதான் பகலில் பள்ளி முடித்த பிறகு உயிர்வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டு மாலை ஒதுக்கினால் போதும். முதல் மாலை மாதிரி செய்வது, இரண்டாம் மாலை முட்டையை வைத்து ஒரு சோதனை. தானாகப் படிக்கிறவர்களும் செய்யலாம். ஆனால் கூட ஒருவர் இருந்து கேள்வி கேட்டால் நன்றாக மனதில் நிற்கும்.

இந்த நொதி எனக்குப் பாடப்புத்தகத்தில் அறிமுகமானது அல்ல. 1994 ஐப்பசியில், கண்மாய் மடையைப் பார்க்கப் போன என் சித்தப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்தது. அரசு மருத்துவமனையில் அவர் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்திருந்தார்கள். பிறகு மெதுவாகச் சாய்த்தபோது தண்ணீர் போல ஓடியது. நான் அப்போது பிளஸ் ஒன். "ரத்தம் ஏன் உறையல?" என்று கேட்டேன். விஷத்தில் பல கத்தரிகள் இருக்கின்றன, ரத்தம் உறையத் தேவையான சரக்கைச் சில தீர்த்துவிடும், செல்லின் மேல்தோலையே ஒன்று கத்தரிக்கும் என்று அந்த மருத்துவர் நின்று சொன்னார். சித்தப்பா பிழைத்துக்கொண்டார். அந்த மேல்தோல் கத்தரியின் பெயர் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்று எனக்குத் தெரிய நாலு வருடம் ஆனது.

முதல் மாலை: சுண்டைக்காய் சவ்வு

பச்சைச் சுண்டைக்காய் ஒரு படி, முழுதாக இருக்கும் சுண்டை வற்றல் ஒரு கைப்பிடி, பச்சை ஈர்க்குச்சி ஒரு கட்டு, ஒரு சாண் வாழைத்தண்டு, பல்குத்தும் குச்சி, பாய் ஒன்று, நகவெட்டி ஒன்று. அதோடு பழைய பனையோலைக் கொட்டான் (ஓலையில் முடைந்த சிறு கூடை) ஒன்று வேண்டும். ஈர்க்கு பச்சையாக இருக்கவேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காய்ந்த விளக்குமாற்றுக் குச்சியை மடக்கினால் உடைந்துவிடும்.

ஒரு மூலக்கூறு செய்வது இப்படி. வாழைத்தண்டை விரல்கணு அளவுக்கு நறுக்குங்கள். இதுதான் கிளிசரால், மூன்று கார்பன் உள்ள முதுகெலும்பு. அதில் மூன்று இடம் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் ஒரு ஈர்க்கை நேராகக் குத்துங்கள். இரண்டாம் இடத்தில் குத்தும் ஈர்க்கை நடுவில் லேசாக மடக்கிவிடுங்கள். மூன்றாம் இடத்தில் பல்குத்தும் குச்சியை வைத்து ஒரு சுண்டைக்காயைச் செருகுங்கள். குச்சி பாஸ்பேட்; காய் தலைப்பகுதி. இப்போது கையில் இருப்பது ஒரு பாஸ்போலிப்பிட்.

நேர்க்குச்சியும் மடக்குக்குச்சியும் விளையாட்டுக்கு வைத்தவை அல்ல. நம் செல்களில் பெரும்பாலும் முதல் இடத்தில் 16 அல்லது 18 கார்பன் கொண்ட, இரட்டைப் பிணைப்பு இல்லாத நேரான கொழுப்பு அமிலம் இருக்கும். இரண்டாம் இடத்தில் இரட்டைப் பிணைப்பு உள்ளது உட்காரும்: 18 கார்பன் ஒலியிக் அமிலம், 20 கார்பனும் நான்கு இரட்டைப் பிணைப்பும் கொண்ட அராக்கிடோனிக் அமிலம் மாதிரி. இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் வால் வளையும். நம் நொதி வெட்டுவது அந்த மடங்கிய குச்சியைத்தான்.

இப்படி நாற்பது ஐம்பது செய்ய வேண்டும். பத்துப் பிள்ளைகள் இருந்தால் அரைமணி வேலை. தனியாகச் செய்கிறவர் பதினாறு செய்தாலும் போதும். கால்வாசிக்குப் பச்சைக் காய்க்குப் பதிலாக வற்றல் செருகுங்கள். பச்சைக் காய் என்றால் தலையில் கோலின்; வற்றல் என்றால் செரின். செரின் தலை உள்ள மூலக்கூறுக்கு மொத்தத்தில் எதிர்மின்சுமை உண்டு. கோலின் தலையில் கூட்டலும் கழித்தலும் சரிக்கட்டிப் போய்விடும்.

பிறகு பாயில் இரண்டு வரிசையாகப் படுக்கவையுங்கள். மேல்வரிசையின் தலைகள் மேலே பார்க்கட்டும், கீழ்வரிசையின் தலைகள் கீழே பார்க்கட்டும், வால்கள் நடுவில் சந்திக்கட்டும். வற்றல் தலை எல்லாம் கீழ்வரிசையில் மட்டும் இருக்கவேண்டும். மேலே செல்லுக்கு வெளிப்புறம், கீழே உட்புறம்.

கொட்டானின் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள்

இனி நொதி. கொட்டானின் தட்டையான அடியில் கத்தியால் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் போடுங்கள். உள்ளே ஒரு கட்டிச் சுண்ணாம்பை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். நகவெட்டியையும் உள்ளே வையுங்கள்.

இந்தக் கொட்டானை நான் பல வருடம் யோசித்துத்தான் தேர்ந்தேன். முன்பெல்லாம் கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு "இதுதான் நொதி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதில்தான் பாடம் கெட்டது. கத்தரிக்கோல் எங்கிருந்து வந்தாலும் வெட்டும். இந்த நொதி அப்படிச் செய்வதில்லை. இதற்கு ஒரு தட்டையான முகம் உண்டு, அந்த முகம் சவ்வின் மேல் படிந்து உட்காரவேண்டும். வெட்டும் இடம் முகத்தில் இல்லை. உள்ளே, ஒரு குறுகலான பள்ளத்தின் கடைசியில் இருக்கிறது. சவ்வில் இருக்கும் ஒரு பாஸ்போலிப்பிட் தன் வரிசையை விட்டு மேலே எழுந்து, கீறல் வழியாக அந்தப் பள்ளத்துக்குள் ஏறினால்தான் வெட்டு விழும்.

பிள்ளைகளிடம் கொட்டானைக் கொடுத்து முதலில் பாய்க்கு வெளியே தனியாகக் கிடக்கும் ஒரு மூலக்கூறை வெட்டச் சொல்லுங்கள். முடியும், ஆனால் தேடிப் பிடித்து, நிமிர்த்தி, கீறலுக்குள் நுழைத்து என்று நேரம் எடுக்கும். பிறகு வரிசை மேல் கொட்டானை வைத்து ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து வெட்டச் சொல்லுங்கள். சரசரவென்று வேலை நடக்கும். உண்மையிலும் அப்படித்தான். தண்ணீரில் தனித்தனியாகக் கரைந்திருக்கும் லிப்பிடை, அதாவது கொழுப்பு மூலக்கூறை, இந்த நொதி மெதுவாகத்தான் வெட்டும். அதே லிப்பிட்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பரப்பாக நின்றால் வேகம் நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான மடங்கு கூடும். பரப்புதான் இதற்கு வேலைக்களம்.

ஒரு வெட்டு முடிந்ததும் எழுந்து போய்விடுமா என்றால், பரப்போடு பிடிப்பு நன்றாக இருந்தால் போகாது. கோழி ஓர் இடத்தில் கொத்திவிட்டுத் தாவி இன்னோர் இடத்தில் கொத்துவது ஒரு விதம். இஸ்திரிப் பெட்டி துணியை விட்டு எழாமலே ஊர்ந்து போவது இன்னொரு விதம். பிடிப்பு உறுதியான இடத்தில் நொதி இஸ்திரிப் பெட்டி மாதிரி ஊர்ந்துகொண்டே அடுத்தடுத்து வெட்டும். கொட்டானைத் தூக்காமல் நகர்த்திக் காட்டுங்கள்.

சுண்ணாம்புக் கட்டி எதற்கு? சுரக்கப்படும் பாஸ்போலிப்பேஸ் ஏ2வுக்குக் கால்சியம் இல்லாமல் கை ஓடாது. நொதியின் அமினோ அமிலச் சங்கிலியில் 49ஆம் இடத்தில் உள்ள அஸ்பார்டிக் அமிலமும் பக்கத்தில் உள்ள ஒரு வளையமும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் லிப்பிடின் பாஸ்பேட்டைப் பிடித்து நிறுத்தும். 48ஆம் இடத்து ஹிஸ்டிடின், 99ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலத்தின் துணையோடு, ஒரு தண்ணீர் மூலக்கூறிலிருந்து புரோட்டானை இழுக்கும். அப்படிக் கூர்மையான தண்ணீர் இரண்டாம் கார்பனில் உள்ள எஸ்டர் பிணைப்பைத் தாக்கும். வெட்டுவது தண்ணீர்தான் என்பதை அழுத்திச் சொல்லுங்கள்; நீராற்பகுப்பு என்ற சொல்லுக்கு அப்போதுதான் அர்த்தம் வரும். செல்லுக்கு வெளியே கால்சியம் 1 முதல் 2 மில்லிமோலார் வரை இருக்கிறது. உள்ளே சாதாரணமாக அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். சுரந்து வெளியே வரும் நொதிக்கு வெளியில்தான் வேலை என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும்.

ஆள் மிகச் சிறியது. ஏறத்தாழ 14 ஆயிரம் டால்டன் எடை, 120 அமினோ அமிலத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் ஆறு முதல் எட்டு கந்தகப் பாலங்கள் அதைக் குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டியிருக்கும். நல்ல கொட்டான் முடைந்தது போல. அதனால் சூட்டுக்குக்கூட லேசில் குலையாது. இதை நினைவில் வையுங்கள், நாளைய சோதனையில் உதவும்.

வெட்டின பிறகு பாயைப் பாருங்கள்

ஒரு வரிசையில் ஆறேழு மடக்குக்குச்சிகளை வெட்டி எடுத்துவிட்டு நிறுத்துங்கள். ஒரு தலையும் ஒரே வாலுமாக நிற்பதற்கு லைசோபாஸ்போலிப்பிட் என்று பெயர். இரண்டு வாலோடு இருந்தபோது தூண் மாதிரி இருந்தது, இப்போது தலை பெரிதாக வால் சிறுத்துக் கூம்பு மாதிரி ஆகிவிட்டது. கூம்புகளை வரிசையாக நெருக்கி அடுக்கிப் பாருங்கள். வரிசை நேராக நிற்காது, வளையும், இடையில் சந்து விழும். லைசோ என்ற பெயரே இதிலிருந்துதான் வந்தது. நாகப்பாம்பு விஷம் லெசித்தின் என்ற பாஸ்போலிப்பிடோடு சேரும்போது உண்டாகும் பொருள் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பதை 1900களின் தொடக்கத்திலேயே கவனித்திருக்கிறார்கள். உடைக்கிறது என்பதால் லைசோ.

வெட்டுப்பட்ட குச்சி, அதாவது கொழுப்பு அமிலம், எதிர்மின்சுமையோடு சவ்விலேயே கொஞ்ச நேரம் தங்கும். அந்தச் சுமை மேலும் நொதிகளை இழுத்துப் பரப்பில் ஒட்டவைக்கும். அதனால்தான் ஆய்வகத்தில் கோலின் தலை மட்டும் உள்ள சவ்வை வைத்துப் பார்த்தால், முதலில் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காதது போல இருந்து, பிறகு திடீரென்று வேகம் எகிறும். ஒட்டுவதற்கு இடம் கிடைக்கும்வரை காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

முகப்பும் இரண்டாம் கட்டும்

"அப்போ நம்ம உடம்புலயே சுரக்கிற இந்த நொதி நம்ம செல்லை ஏன் கடிச்சுத் தின்னல?" போன வருடம் ஒரு மாணவி கேட்டாள். இதைவிட நல்ல கேள்வி இந்தப் பாடத்தில் இல்லை.

எழுந்து நின்று வீட்டைக் காட்டினேன். முகப்பில் திண்ணை, தூண், பட்டாலை. உள்ளே வளவு என்ற முற்றம். அதற்கும் உள்ளே இரண்டாம் கட்டு, சமையல், சாமான் அறை. வருகிறவர் கண்ணில் முகப்பில் இருப்பதுதான் படும். செல் சவ்வும் அப்படித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. வெளிவரிசையில் கோலின் தலைகளும் ஸ்பிங்கோமயலின் என்ற இன்னொரு லிப்பிடும் நிறைந்திருக்கும். செரின் தலைகள் உள்வரிசையில்தான். தப்பித் தவறி வெளியே வந்ததை உள்ளே திருப்பி அனுப்புவதற்கென்றே செல்லில் புரதங்கள் இருக்கின்றன. அதற்கு ஆற்றல் செலவாகிறது. நம் உடம்பில் அழற்சி வரும்போது அதிகமாகச் சுரப்பது இரண்டு-ஏ வகை பாஸ்போலிப்பேஸ். அதன் தட்டை முகத்தில் நேர்மின்சுமை நிறைய. அது தேடுவது எதிர்மின்சுமையுள்ள பரப்பை. ஆரோக்கியமான செல்லின் முகப்பில் அதற்கு ஒட்ட இடமே கிடைக்காது. ஒட்டாததால் வெட்டுவதில்லை.

செல் சாகத் தொடங்கும்போது அந்த உள்ளே திருப்பும் வேலை நின்றுவிடும். செரின் தலைகள் வெளியே வந்துவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் யார் வீட்டு இரண்டாம் கட்டிலோ இருந்த பாத்திரம், அறைக் கதவு, பூட்டு எல்லாம் வீதியில் கிடக்கும். எந்த வீடோ குலைந்திருக்கிறது என்று பார்த்ததும் தெரியும். செரின் வெளியே தெரிவதும் அப்படி ஓர் அடையாளம். இப்போது பாயில் இரண்டு வற்றல் தலைகளை எடுத்து மேல்வரிசையில் செருகிவிட்டு, அங்கே கொட்டானை ஒட்டச் சொல்லுங்கள்.

பாக்டீரியாவின் சவ்வில் பாஸ்பாட்டிடைல் கிளிசரால் என்ற எதிர்மின்சுமை லிப்பிட் வெளிப்படையாகவே நிறைய. அதனால் இரண்டு-ஏ அதன் மேல் உடனே ஒட்டும். நம் கண்ணீரில் இந்த நொதி நிறைய இருக்கிறது. கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்களை அது கொல்லும். கண்ணீர் நம் கண்ணின் செல்களை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் வெட்டுகிறது என்றால், அந்தத் தேர்வு வெட்டும் இடத்தில் நடக்கவில்லை, ஒட்டும் முகத்தில் நடக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும்.

எல்லா வகையும் இப்படி ஆள் பார்த்து ஒட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ஐந்து, பத்து என்று எண்ணிட்ட வகைகள் கோலின் தலைப் பரப்பிலும் நன்றாகவே ஒட்டி வெட்டும். பாம்பு விஷத்தில் உள்ளவையும் பலவிதம்.

இரண்டாம் மாலை: முட்டை

விஷத்தை வைத்துச் சோதனை செய்யவே கூடாது. தேனீயைப் பிடிக்கலாமா என்று ஒரு பையன் கேட்டான், அதுவும் கூடாது. தேனீ விஷத்தின் உலர் எடையில் கிட்டத்தட்ட பாதி மெலிட்டின் என்ற சிறு புரதம், பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பாஸ்போலிப்பேஸ் ஏ2. மெலிட்டின் சவ்வைத் தளர்த்திக் கொடுக்க, நொதி எளிதாக வெட்டும். ஒவ்வாமையைக் கிளப்புவதில் முதல் ஆளும் இந்த நொதிதான்.

நமக்குக் கணையச் சாறு போதும். செரிமானத்துக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் பான்கிரியாட்டின் மாத்திரையில் கணையத்தின் நொதிகள் எல்லாம் கலந்திருக்கும், பாஸ்போலிப்பேஸும் உட்பட. அது பெரும்பாலும் பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது. சில வீடுகளில் தொட விரும்பமாட்டார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொடியை முகரக் கூடாது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மருந்துக்கென்று தனியாக வைத்த கல்வத்தில் நசுக்குங்கள்.

முந்தின இரவே வெற்றிலைச் சுண்ணாம்பு கடலையளவு எடுத்து ஒரு தம்ளர் தண்ணீரில் கலக்கி மூடிவையுங்கள். காலையில் மேலே தெளிந்து நிற்பதை மட்டும் கலங்காமல் இறுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் படக் கூடாது. இந்தத் தெளிநீர் இரண்டு வேலை செய்யும்: காரத்தைத் தரும், கால்சியத்தையும் தரும்.

நாட்டுக்கோழி முட்டை ஒன்றை உடைத்து மஞ்சள் கருவைப் பிரியுங்கள். இந்தப் பக்கத்து வீடுகளின் சுவர் கண்ணாடி போல இருப்பதற்குச் சுண்ணாம்போடு வெள்ளைக்கருவைச் சேர்த்துப் பூசினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நமக்கு வேண்டியது மற்றப் பாதி. லெசித்தின் என்ற பெயரே மஞ்சள் கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1840களில் கோப்லே என்ற பிரெஞ்சுக்காரர் அதை இதிலிருந்துதான் பிரித்தெடுத்தார். மஞ்சள் கருவின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அந்தக் கொழுப்பில் மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகப் பாஸ்போலிப்பிட்.

ஒரு தேக்கரண்டி மஞ்சள் கருவை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். பள்ளி ஆய்வகத்தில் கிடைக்கும் ஃபீனால் சிவப்பு நிறங்காட்டியைச் சில சொட்டு விடுங்கள். அமிலத்தில் மஞ்சள், காரத்தில் சிவப்பு. சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கரைசல் இளஞ்சிவப்பாகும் வரை கொண்டுவாருங்கள். அதே போல மாத்திரைப் பொடியைத் தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் கலக்கி, அதிலும் நிறங்காட்டி விட்டு, அதையும் அதே சிவப்புக்குக் கொண்டுவாருங்கள்.

இந்தக் கடைசி வரியை நான் முதல் வருடம் செய்யவில்லை. பொடியை அப்படியே முட்டையில் போட்டேன். உடனே நிறம் மாறியது, எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பெண் மட்டும், "டீச்சர், மாத்திரையே புளிப்பா இருந்தா?" என்றாள். அவள் கேட்டது சரி. வயிற்று அமிலத்தில் கரையாமல் இருக்க மாத்திரைக்குப் போடும் மேல்பூச்சே அமிலத்தன்மை உள்ளது. அன்று நாங்கள் பார்த்தது பூச்சின் வேலை. அன்றிலிருந்து நான்கு தம்ளர் வைக்கிறேன். முதலாவதில் முட்டைக் கரைசல் மட்டும். இரண்டாவதில் முட்டையும் மாத்திரையும், வெதுவெதுப்பான தண்ணீர்ச் சட்டிக்குள். மூன்றாவதில் அதே கலவை, ஐஸ் தண்ணீரில். நான்காவதில் முட்டை இல்லாமல் வெறும் மாத்திரைக் கரைசல். ஒன்றும் நாலும் வெதுவெதுப்பிலேயே இருக்கட்டும்.

அரைமணி நேரம் பொறுங்கள். கொழுப்பு அமிலம் விடுபட விடுபட இரண்டாவது தம்ளரில் சிவப்பு மங்கி மஞ்சளுக்குப் போகும். மூன்றாவது பின்தங்கும். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு ஒன்றாவதும் நாலாவதும்கூடக் கொஞ்சம் வெளுக்கும். அதனால்தான் அவற்றை வைத்து ஒப்பிடுகிறோம். மாத்திரையைக் கொதிக்கவைத்து ஐந்தாவது தம்ளர் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். நொதி என்றால் கொதித்தால் சாகும் என்று பொதுவாகச் சொல்லிக்கொடுத்திருப்போம். ஆனால் கந்தகப் பாலம் போட்ட ஆசாமி இவர் என்று நேற்றே சொன்னோமே. கொஞ்ச நேரக் கொதியை நம்பி முடிவு சொல்ல முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மாத்திரையில் லைப்பேஸும் இருக்கிறது. மஞ்சள் கருவில் சாதாரணக் கொழுப்புதான் அதிகம், லைப்பேஸ் அதை வெட்டும். ஆகவே நிறமாற்றம் இருவரின் கூட்டு வேலை. பாஸ்போலிப்பேஸை மட்டும் பிரித்துக் காட்டப் பட்டாலையில் வசதி இல்லை. ஆனால் இருவருமே கொழுப்புத் துளியின் பரப்பில் ஒட்டித்தான் வெட்டுகிறார்கள் என்பதால் பாடம் பழுதாகாது. தம்ளர்களைக் கழுவி ஆய்வுக்கென்றே தனியாக எடுத்து வையுங்கள். சமையலறைக்குத் திரும்ப வேண்டாம்.

பிள்ளைகள் குழப்பிக்கொள்ளும் சில இடங்கள்

கணையம் தன்னையே ஏன் வெட்டிக்கொள்வதில்லை என்றால், அங்கே நொதி பூட்டோடுதான் தயாராகிறது. குடலுக்குப் போன பிறகு டிரிப்சின் என்ற இன்னொரு நொதி முன்பக்கத்து ஏழு அமினோ அமிலத் துண்டை வெட்டிப் பூட்டைத் திறக்கும். பித்த உப்பு பரப்பைத் தயார்செய்து கொடுக்கும்.

அராக்கிடோனிக் அமிலத்தை விடுவித்து வீக்கத்துக்குக் காரணமான புரோஸ்டாகிளாண்டினுக்கு வழிவிடுவது சுரக்கும் நொதி மட்டுமே என்று எழுதாதீர்கள். அந்த வேலையில் பெரும்பங்கு செல்லுக்குள் இருக்கும் வேறொரு பாஸ்போலிப்பேஸ் ஏ2வுடையது. அது பெரிய மூலக்கூறு, மிகக் குறைந்த கால்சியத்திலேயே சவ்வுக்கு நகரும், அராக்கிடோனிக் இருக்கும் லிப்பிடையே குறிவைக்கும். ஆஸ்பிரின் இந்த இரண்டு பேரையும் தடுப்பதில்லை; அடுத்த படியில் உள்ள சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. 1971இல் ஜான் வேன் கண்டுபிடித்தது அது.

சில குழிவிரியன் பாம்புகளின் விஷத்தில் 49ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதில் லைசின் இருக்கும். கால்சியத்தைப் பிடிக்க முடியாது, வெட்டவும் முடியாது. ஆனாலும் தசையைச் சிதைக்கும். பரப்பில் ஒட்டி அதைக் குலைப்பதே போதுமானதாகிவிடுகிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைக் கடைசியில் கொடுங்கள், இரவெல்லாம் யோசிப்பார்கள்.

வரெஸ்பிளாடிப் என்ற மருந்து இந்தச் சுரக்கும் நொதிகளைத் தடுக்கும். இதய நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்து, பலன் இல்லை என்று 2012இல் நிறுத்தினார்கள். மாரடைப்பு கூடவே செய்தது. அதே மருந்தைப் பிறகு பாம்புக்கடிக்கு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளிடம் சோதித்தார்கள். என் சித்தப்பா காலில் இருக்கும் தழும்பை நினைத்துக்கொண்டு அந்தச் செய்தியைப் படித்தேன்.

பாம்புக்கடி பற்றிப் பேச்சு வந்தால் பாடத்தை நிறுத்திவிட்டு இதைச் சொல்லுங்கள். கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போகவேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில் கடித்தால் பல சமயம் வலியே இருக்காது, தடம்கூடத் தெரியாது. அதன் விஷத்தில் உள்ள ஒரு பாஸ்போலிப்பேஸ் நரம்பின் நுனியில் போய் ஒட்டி அதைச் சிதைக்கும். சிதைந்த பிறகு விஷமுறிவு மருந்து அதைத் திருப்பித் தராது, நுனி மறுபடி வளரவேண்டும். அதனால் தரையில் படுத்தவர் காலையில் இமை தூக்க முடியவில்லை என்றாலே கிளம்பிவிட வேண்டும்.

தேர்வில் படம் வரைவது

முதலில் சவ்வை வரையுங்கள், இரண்டு வரிசையாக. செரின் தலைகளைக் கீழ்வரிசையில் நிழலிட்டுக் காட்டுங்கள். பிறகு நொதியை ஒரு பக்கம் தட்டையான உருவமாக, அந்தத் தட்டைப் பக்கம் மேல்வரிசைத் தலைகளைத் தொடும்படி வரையுங்கள். அதற்குள் பள்ளம், பள்ளத்தின் முடிவில் கால்சியம், பக்கத்தில் ஹிஸ்டிடின் 48. ஒரே ஒரு லிப்பிடை வரிசையிலிருந்து பாதி எழுந்து பள்ளத்துக்குள் ஏறுவதுபோலக் காட்டுங்கள். இவ்வளவும் வரைந்த பிறகு, இரண்டாம் கார்பனில் அம்புக்குறி போடுங்கள்.